நிபந்தனையோடு வரும் நியமனம்

(நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவையொட்டி, செவிலியர் பயிற்சி முடித்த மாணவ மாணவியர்க்கும் அவர்தம் பெற்றோர்க்கும் ஆற்றிய உரை)

 

வெள்ளி விழா மேடையில் வாழ்த்துரை வழங்குவதே மரபு. ஆனால் என்னை அழைத்த நண்பர்கள், “வாழ்த்துவதற்குப் பலர் இருக்கிறார்கள், நம் பிள்ளைகளுக்குப் பயன்படும் ஒன்றைச் சொல்லுங்கள்” என்று கேட்டுக்கொண்டார்கள். நான் சொற்பொழிவாளர் அல்லேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அரசு மருத்துவமனைகளில் செவிலியாகப் பணிபுரிந்து ஓய்வு பெற்றவள். ஆகவே நான் அறிந்த ஒன்றைப் பற்றியே பேச விரும்புகிறேன். படிப்பு முடிந்தவுடன் உங்கள் வீட்டுக்கு வரப்போகும் முதல் கடிதத்தைப் பற்றிய பேச்சு இது.

அக்கடிதம் பெரும்பாலும் இவ்வாறு தொடங்கும்: “தங்களைச் செவிலியர் பணிக்குத் தேர்ந்தெடுத்துள்ளோம் என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.” அதற்கடுத்த வரி: “கீழ்க்காணும் நிபந்தனைகள் நிறைவேறினால் மட்டுமே இத்தேர்வு உறுதி செய்யப்படும்.” நம் வீடுகளில் நடப்பது என்ன? முதல் வரியைப் படித்ததும் கண்ணீர் பெருகுகிறது. கடிதத்தை மடித்து அண்ணல் அம்பேத்கர் படத்தின் கீழ் வைத்துவிட்டு, தெரு முழுவதும் இனிப்பு வழங்குகிறோம். இரண்டாம் வரியைப் படிப்பதற்கு ஆளில்லை. குடும்பத்தில் முதன்முதலாக உத்தியோகக் கடிதம் காணும் வீடு அது, மகிழ்ச்சி இயல்பே. ஆயினும் அந்த இரண்டாம் வரியில்தான் உங்கள் வருங்காலம் இருக்கிறது.

நிபந்தனையோடு வரும் கடிதம் நியமன ஆணை ஆகாது. நிபந்தனை நிறைவேறும் வரையில் அது ஒரு வாக்குறுதி மட்டுமே. நிறைவேறாவிட்டால் அதைத் திரும்பப் பெற அவர்களுக்கு இடமுண்டு. ஆகையால் முதற்கண் மூன்று செயல்களைத் தவிருங்கள். அக்கடிதத்தை நம்பி, இப்பொழுது கையிலுள்ள வேலையை விட்டு விலகாதீர்கள். அதைக் காட்டிக் கடன் வாங்காதீர்கள். வேறிடத்திலிருந்து வரும் வாய்ப்பை அதன்பொருட்டு அவசரப்பட்டு மறுத்துவிடாதீர்கள். எல்லா நிபந்தனைகளும் நிறைவேறிவிட்டன, இந்நாளில் பணியில் சேரலாம் என்று எழுத்தில் வந்த பிறகே இவற்றைச் செய்ய வேண்டும்.

இனி நிபந்தனைகளைப் பார்ப்போம். அவற்றில் இரு வகை உண்டு. ஒரு வகை, பணியின் தேவையால் எழுவது. மற்றொரு வகை, நம் வறுமையை அறிந்து விதிக்கப்படுவது. இரண்டும் ஒரே தாளில், ஒரே எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும். முன்னதை மனமுவந்து நிறைவேற்ற வேண்டும். பின்னதை எதிர்த்துக் கேட்க வேண்டும். இவ்வேறுபாட்டை உணர்த்துவதே இவ்வுரையின் நோக்கம்.

முதல் வகையில் தலையாயது பதிவு. பட்டயமோ பட்டமோ பெற்றுவிட்டதாலேயே ஒருவர் செவிலியராகிவிடுவதில்லை. நம் மாநிலத்தில் 1926-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி அமைந்த செவிலியர், தாதியர் குழுமத்தில் பெயரைப் பதிவு செய்து பதிவெண் பெற்றாக வேண்டும். தேர்வு முடிவு வந்து, சான்றிதழ் கைக்கு வந்து, பதிவெண் கிடைப்பதற்குள் காலம் ஓடிவிடுகிறது. கடிதமோ அதற்கு முன்பே வந்துவிடுகிறது. அதனாலேயே “இந்த நாளுக்குள் பதிவெண் தர வேண்டும்” என்று நிபந்தனை விதிக்கிறார்கள். அது நியாயமானது. நோயாளியின் உயிரை ஒப்படைப்பவர் நம் தகுதியைக் கேட்பதில் தவறில்லை. முடிவு வந்த வாரத்திலேயே பதிவுக்கு விண்ணப்பியுங்கள். காலம் போதாது எனத் தோன்றினால், கெடு முடிந்தபின் காரணம் கூறாமல், கெடுவுக்கு முன்பே விண்ணப்ப எண்ணைக் குறிப்பிட்டுக் கூடுதல் அவகாசம் கேட்டு எழுதுங்கள்.

அடுத்தது பெயர். சிறிய செய்திதான், ஆனால் பல வேலைகள் இதில் தடைப்பட்டதை நான் கண்டிருக்கிறேன். பள்ளிச் சான்றிதழில் முன்னெழுத்து ஒன்று, ஆதார் அட்டையில் தந்தை பெயர் முழுமையாக, கடவுச்சீட்டில் வேறு வரிசை, ஞானஸ்நானப் பெயர் ஓரிடத்தில், வீட்டுப் பெயர் மற்றோரிடத்தில். இவற்றைப் படிக்கும் காலத்திலேயே ஒழுங்குபடுத்திக்கொள்ள வேண்டும்.

அரசுப் பணிக்குச் சாதிச் சான்றிதழும் நிபந்தனையே. ஆதிதிராவிடர்க்கான 18 விழுக்காட்டு இட ஒதுக்கீடும், அதனுள் 2009 முதல் அருந்ததியர்க்கு வழங்கப்படும் 3 விழுக்காடும் அந்த ஒரு தாளைப் பொறுத்தவை. கிறித்தவம் தழுவிய நம் உறவினர் இம்மாநிலத்தில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டிருக்கிறார்கள். அது நீதியா என்பது நாம் தனியே நடத்த வேண்டிய வழக்கு. ஆனால் விண்ணப்பத்தில் உண்மைக்கு மாறாக எழுதாதீர்கள். பணியில் சேர்ந்து பல ஆண்டுகள் கழிந்த பின்னும் சான்றிதழின் மெய்ம்மையை ஆராய்வார்கள். பொய் என்று தெரிந்தால் அன்றே எல்லாம் போய்விடும்.

உடல்நலம் பற்றிய நிபந்தனையும் உண்டு. மஞ்சட்காமாலை ‘பி’ வகைக்கான தடுப்பூசி போட்டிருக்க வேண்டும் என்று பல மருத்துவமனைகள் கேட்கின்றன. அது மூன்று தவணை. முதல் ஊசிக்கு ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாம் மாதத்தில் மூன்றாவது. கடிதம் வந்த பிறகு தொடங்கினால் அரையாண்டு கடந்துவிடும். ஊசி குத்தும் கைக்கு அவ்வூசியே ஆபத்தாகவும் முடியும். ஆகவே வேலைக்காக மட்டுமன்றி, உங்கள் உயிர்க்காகவும் பயிற்சிக் காலத்திலேயே அதை முடித்து, எழுத்தில் சான்று பெற்று வையுங்கள்.

இவை யாவும் பணிக்குரிய நிபந்தனைகள். இனி மற்ற வகைக்கு வருகிறேன். இங்கே என் கதையைச் சொல்லாமல் இருக்க இயலாது.

நான் பயிற்சி முடித்தது 1984-இல். ஒரு நகரத்தின் தனியார் மருத்துவமனையில் மாதம் 350 ரூபாய்க்கு வேலை கிடைத்தது. சேருகின்ற நாளன்று என் பள்ளிச் சான்றிதழ், பட்டயம், பதிவுச் சான்றிதழ் ஆகிய மூன்றையும் வாங்கி இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்கள். இரண்டாண்டு பணிபுரிவேன், இடையில் விலகினால் 5,000 ரூபாய் தருவேன் என்று முத்திரைத் தாளில் கையெழுத்து வாங்கினார்கள். நான் அதைப் படிக்கவில்லை. படிக்கத் தெரியாதவளல்லள், நின்று படித்தால், “இந்தப் பெண் கேள்வி கேட்பவள்” என்று வேலையை மறுத்துவிடுவார்களோ என அஞ்சினேன்.

பதினோரு மாதம் கழித்து வேலைவாய்ப்பு அலுவலகத்தின் வழியாக அரசுப் பணிக்கு அழைப்பு வந்தது. மூலச் சான்றிதழ்களுடன் குறித்த நாளில் சென்னைக்கு வர வேண்டும். மருத்துவமனைப் பொறுப்பாளரிடம் ஒரு நாளைக்கு மட்டும் சான்றிதழ்களைத் தருமாறு கெஞ்சினேன். பணத்தைக் கட்டிவிட்டு எடுத்துக்கொள் என்றார்கள். என் தந்தையார் ஒன்பது நாள் அலைந்து 1,800 ரூபாய் திரட்டினார். அதற்கு மேல் அவருக்குக் கொடுப்பார் இல்லை. குறித்த நாள் கடந்தது. அடுத்த அழைப்பு எனக்கு 1990-இல்தான் வந்தது. அந்த ஐந்தாண்டுப் பணிமூப்பு போயிற்று. அதைவிட, என் தம்பியின் படிப்பு அந்த ஐந்தாண்டுகளில் நின்றது. பின்னர் அவன் பள்ளிக்குத் திரும்பவே இல்லை.

அன்றிரவு என் தந்தையார் சொன்னதை நான் மறக்கவில்லை. அவருடைய தந்தை கீழத்தஞ்சையில் பண்ணையாளாக இருந்தவர். திருமணத்துக்கு வாங்கிய சிறு கடனுக்காக ஒரு தாளில் கைநாட்டு வைத்தார். அந்தத் தாள் மிராசுதாரர் வீட்டுப் பெட்டியில் இருந்தவரை அவரும் அந்த வீட்டு வயலில் இருந்தார். “அவருக்குப் படிக்கத் தெரியாது, கைநாட்டு வைத்தார். உன்னைப் படிக்க வைத்தேன், நீ கையெழுத்துப் போட்டிருக்கிறாய்” என்றார் என் தந்தையார். அவர் என்னைப் பழித்துச் சொல்லவில்லை. தம்மைத் தாமே கேட்டுக்கொண்டார்.

கொத்தடிமை முறையை 1976-ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்தது. மருத்துவமனையில் சம்பளத்துக்கு வேலை செய்வது கொத்தடிமை என்று நான் கூற வரவில்லை. ஆனால் நம் தாள் ஒன்று இன்னொருவர் பெட்டியில் பூட்டப்பட்டிருக்கும்போது, நாம் நினைத்த இடத்துக்குச் செல்ல முடியாது என்பது மட்டும் அன்றும் இன்றும் ஒன்றே.

ஆகவே, தங்கையரே, தம்பியரே, மூலச் சான்றிதழைச் சரிபார்ப்பதற்குக் காட்டலாம்; ஒப்படைக்கக் கூடாது. சான்றிதழ் அடகுப் பொருள் அன்று என்பதைச் சென்னை உயர் நீதிமன்றம், மாணவர் சான்றிதழ்களைப் பிடித்து வைத்த கல்வி நிறுவனங்கள் தொடர்பான வழக்குகளில் கூறியிருக்கிறது. தேதியிடாத காசோலை, வெற்றுத்தாளில் கையெழுத்து, முன்பணம் ஆகியவற்றையும் கொடுக்காதீர்கள்.

பணிக்கால ஒப்பந்தம், அதாவது ‘பாண்டு’ என்பது சற்று வேறானது. அதை எல்லாம் செல்லாத காகிதம் என்று சிலர் உங்களிடம் கூறுவர், நம்பாதீர்கள். ஒரு பொதுத்துறை வங்கி ஊழியர், மூன்றாண்டுக்கு முன் விலகினால் 2 இலட்சம் ரூபாய் தர வேண்டும் என்ற ஒப்பந்தத்தை எதிர்த்த வழக்கில், அந்நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதத்தில் தீர்ப்பளித்தது. மறுபுறம், 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு, ஒப்பந்தம் முறிந்தால் நியாயமான இழப்பீடு மட்டுமே பெறலாம் என்கிறது. தாளில் குறித்த தொகை அதன் மேல் எல்லையே ஆகும். உங்களைப் பிடித்து வைத்து வேலை வாங்க எந்த நீதிமன்றமும் ஆணையிடாது. பணம் கேட்கலாம்; ஆளைக் கேட்க முடியாது. ஆகவே ஒப்பந்தத்தில் நான்கு கேள்விகளுக்கு விடை தேடுங்கள். எத்தனை ஆண்டு? எவ்வளவு தொகை? பணிபுரிந்த காலத்துக்கு ஏற்ப அத்தொகை குறையுமா? அவர்கள் உங்களை விலக்கினால் என்ன ஆகும்? விடை தாளிலேயே இருக்க வேண்டும். வாய்ச்சொல் பிற்பாடு நினைவுக்கு வராது.

நியாயம் உணர்ந்து கையெழுத்திட்டுவிட்டால், அந்தச் சொல்லைக் காப்பாற்றுங்கள். இரவுப் பணியில் நோயாளிகளை விட்டுவிட்டுச் சொல்லாமல் மறைந்துபோவது நம் தொழிலுக்கு அழகன்று. முன்னறிவிப்புக் கொடுத்து, பொறுப்பை ஒப்படைத்து, பணிச்சான்று பெற்று வெளியே வாருங்கள். அடுத்த வேலைக்கு அந்தப் பணிச்சான்றே நிபந்தனையாக வரும்.

சம்பளத்தையும் கேளுங்கள். உச்ச நீதிமன்றத்தின் ஆணைப்படி மத்திய அரசு 2016-இல் அமைத்த குழு, 50 படுக்கைகளுக்குக் குறைவான தனியார் மருத்துவமனையிலும் செவிலியர்க்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையாமல் தர வேண்டும் என்றும், 200 படுக்கைகளுக்கு மேற்பட்ட இடங்களில் அரசுச் செவிலியர்க்கு இணையாகத் தர வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. அது பரிந்துரைதான், எல்லா இடங்களிலும் நடைமுறைக்கு வந்துவிடவில்லை. ஆயினும் உங்கள் உழைப்பின் மதிப்பு இன்னது என்று அறிந்து பேசுவது, அறியாமல் தலையசைப்பதிலும் மேலானது.

“கேட்டால் வேலை போய்விடுமே” என்பீர்கள். கேட்கும் முறையில் கேட்டால் பெரும்பாலும் போகாது. கடிதம் வந்த அன்றே விடை கூற வேண்டுவதில்லை. கையெழுத்திடுமுன் கேளுங்கள், கையெழுத்திட்ட பின் கேட்பதில் பயனில்லை. இவ்வாறு எழுதலாம்: “தங்கள் கடிதத்துக்கு நன்றி. பணியில் சேர விருப்பமாக உள்ளேன். நிபந்தனைகளைப் படித்து விடையளிக்க மூன்று நாள் அவகாசம் வேண்டுகிறேன். மூலச் சான்றிதழ்களைச் சரிபார்ப்பதற்கு நேரில் காட்டச் சித்தமாயிருக்கிறேன். அவற்றை அன்றே திரும்பப் பெற்று, சான்றொப்பமிட்ட படிகளைத் தர அனுமதிக்க வேண்டுகிறேன்.” இதில் வணக்கமும் இருக்கிறது, உறுதியும் இருக்கிறது. அனுப்பும் எதற்கும் ஒரு படி உங்களிடம் இருக்கட்டும்.

வீட்டில் அடுப்பெரியாத நிலையில், மறுக்க முடியாமல் சான்றிதழைக் கொடுத்தே ஆக வேண்டி வரலாம். அந்த நிலைமையில் நின்றவள் நான்; யாரையும் குறை கூற மாட்டேன். அப்போதும் இன்ன இன்ன சான்றிதழ்கள் பெற்றோம் என்று தேதியும் முத்திரையும் இட்ட ஒப்புகைச் சீட்டும், ஒப்பந்தத்தின் படியும் பெறாமல் அறையை விட்டு வெளியே வராதீர்கள்.

அரசு தரும் வாய்ப்பிலும் இரண்டாம் வரி உண்டு. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் வழியாக 2015-இல் தேர்வான செவிலியர்கள் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் சேர்ந்தார்கள். இரண்டாண்டு கழித்துக் காலமுறை ஊதியம் கிடைக்கும் என்று நம்பியிருந்தவர்களிற் பலர் காத்திருக்க நேர்ந்தது. 2017 நவம்பரில் சென்னையில் திரண்டு போராட வேண்டியதாயிற்று. “தற்காலிகம்”, “தொகுப்பூதியம்”, “காலியிடத்தைப் பொறுத்து” ஆகிய சொற்களைக் கண்டால் அங்கே நின்று இன்னொரு முறை படியுங்கள். சேராதீர்கள் என்று கூறவில்லை; எதில் சேருகிறோம் என்று அறிந்து சேருங்கள்.

வெளிநாடு செல்ல விரும்புவோர்க்கும் ஒரு சொல். அங்கிருந்து வரும் கடிதங்களில் மொழித் தேர்வு, அந்நாட்டுச் செவிலியர் பதிவு, விசா, சான்றிதழ்ச் சரிபார்ப்பு ஆகிய அனைத்தும் நிபந்தனைகள். இவற்றில் ஒன்று தவறினாலும் கடிதம் வெறுந்தாளாகிவிடும். ஆகவே நிலத்தையோ தாலியையோ அடகு வைத்து முகவரிடம் கொடுக்காதீர்கள். 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வோர் சட்டத்தின்படி முகவர்க்குப் பதிவு எண் இருக்க வேண்டும். அவர் வாங்கக்கூடிய கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் அதற்குரிய வரியும் என வரம்பு உண்டு. இங்கிலாந்து நாட்டு நெறிமுறையோ, செவிலியரிடம் முகவர் கட்டணம் வாங்கவே கூடாது என்கிறது. நம் மாநில அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இயங்கி வருகிறது. முதலில் அங்கே சென்று கேளுங்கள்.

நிறைவாக, சங்கத்தின் பெரியோர்களுக்கு ஒரு விண்ணப்பம். இருபத்தைந்து ஆண்டுகளாக நீங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினீர்கள், நூல் கொடுத்தீர்கள், விடுதிக் கட்டணம் கட்டினீர்கள். படிப்பு முடிந்த நாளோடு நம் கடமை முடிந்ததென்று எண்ண வேண்டாம். படிப்புக்கும் பணிக்கும் நடுவில் உள்ள அந்தச் சில மாதங்களில்தான் நம் பிள்ளைகள் தனியே நிற்கிறார்கள். மற்றவர் வீடுகளில் கடிதத்தைப் படித்துச் சொல்ல ஒரு மாமாவோ சித்தப்பாவோ வழக்கறிஞராக, அலுவலராக இருக்கிறார். நம் பிள்ளைக்கு அந்த மாமா இச்சங்கமே ஆக வேண்டும். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சங்கக் கட்டடத்தில் ஒரு மேசை போடுங்கள். பணியிலிருக்கும் செவிலியர் ஒருவரும் சட்டம் அறிந்தவர் ஒருவரும் அமரட்டும். கடிதம் பெற்றவர் கையெழுத்திடுமுன் அங்கே வரட்டும். அந்த மேசையில் அமர நான் இன்றே பெயர் கொடுக்கிறேன். வழக்கென்று வந்தால், 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின்படி பெண்களுக்கும் பட்டியல் சாதியினர்க்கும் வருமானம் பாராமல் இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அவ்வலுவலகம் இருக்கிறது. அங்கே நம் பிள்ளைகளை அழைத்துச் செல்ல ஓர் ஆள் வேண்டும், அவ்வளவே.

தங்கையரே, தம்பியரே, என் பாட்டனார் படிக்கத் தெரியாமல் கைநாட்டு வைத்தார். நான் படிக்கத் தெரிந்தும் படிக்காமல் கையெழுத்திட்டேன். நீங்கள் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். எனக்கு நேர்ந்தது இம்மன்றத்தில் உள்ள எவர்க்கும் நேராதிருக்குமானால், அந்த ஐந்தாண்டுகளும் வீண் போகவில்லை என்று நான் ஆறுதல் கொள்வேன்.